மதகு இல்லாத கடல்

கடற்கரை லாட்ஜின் மாடி அறையில் நாங்கள் ஐந்து பேர்: அக்கா, மாமா, அவர்களுடைய இரண்டு மகள்கள், நான். வெளியே மழை. ஜன்னலுக்கு அப்பால் சவுக்குத் தோப்பு, தோப்புக்கு அப்பால் வெறும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள்தான் கடல் இருக்கிறது என்று நான் சொன்னேன். பெரியவள் ஜன்னலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

"சத்தம் கேக்குதில்ல? அதான் அலை."

"லாரி சத்தம் சித்தி. நம்ம பைபாஸ்ல இப்படித்தான் கேக்கும்."

அவள் என்னை நம்பாததற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் மாமாவுக்குக் கோழிப்பண்ணை. போன கோடை விடுமுறை முழுக்க "கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். வெயிலில் கோழி சாகிற நேரத்தில் பண்ணையை விட்டு எங்கே நகர்வது? கடைசியில் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தார். கார் போனது மேட்டூருக்கு. அணை நிரம்பியிருந்தது. பண்ணவாடிப் பக்கம் இறங்கி நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், காற்றுக்குச் சின்னச் சின்ன அலை வேறு. சின்னவள், ஐந்து வயது, "இதுதான் கடலுங்களா?" என்று கேட்டாள். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா பொரித்த மீன் வாங்கப் போவதுபோல் நகர்ந்தாள். யாரும் வாயைத் திறக்காத அந்த இடைவெளியில் நான் முந்திக்கொண்டேன்.

"ஆமா சாமி, கடலேதான்!"

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிற நான் சொன்னால் அப்புறம் அப்பீல் ஏது? பிள்ளைகள் காலை நனைத்தார்கள், மீன் தின்றார்கள், வரும் வழியில் அணையையும் பார்த்தார்கள். எல்லோருக்கும் திருப்தி.

ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாராம், கடல் பார்த்தவர்கள் யார் யார் என்று. பெரியவள் கை தூக்கினாள். எழுந்து நின்று வர்ணிக்கவும் செய்தாள்: ஒரு பக்கம் பெரிய சுவர் இருக்கும், அதில் வரிசையாக மதகு இருக்கும், தண்ணீர் அதிகமானால் திறந்துவிடுவார்கள். வகுப்பே உருண்டு சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் பெயர் "மேட்டூர் கடல்". பஸ்ஸில் ஏறினால், "ஏய் மேட்டூர் கடல், இன்னிக்கு எத்தனை மதகு தொறந்திருக்குது?"

அழவில்லை. நான் சொல்வதை மட்டும் நம்புவதை நிறுத்திவிட்டாள். மணி ஐந்து என்று நான் சொன்னால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருவாள்.

அதனால்தான் அரையாண்டு விடுமுறையில் இந்தப் பயணம். மாமாவிடம் முட்டை எடுக்கும் வியாபாரி ஒருவர் நாகப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். அவர்தான் அறை பிடித்துக் கொடுத்தார். யார் ஊருக்குப் போனாலும் ஒரு அட்டை முட்டையோடு போவது எங்கள் ஆட்களின் வழக்கம், முட்டை வியாபாரியைப் பார்க்கப் போனாலும் சரி. முப்பது முட்டை டிக்கியில் வந்தது. வந்து இறங்கிய அன்றே காற்றழுத்தத் தாழ்வு. மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத் தெருவாக, கரைக்கு யாரும் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டு போனது. வியாபாரி வீட்டுக்குக்கூடப் போக முடியாமல் முட்டை அறையிலேயே உட்கார்ந்திருந்தது, எங்களைப் போல. மறுநாள் மதியம் ஊர் திரும்பியாக வேண்டும்.

"நீதானே அன்னிக்கு ஆமான்னு சொன்ன? நீயே சமாளி" என்று சொல்லிவிட்டு அக்கா போர்வையை இழுத்துக்கொண்டாள்.

சமாளித்தேன். செல்போனில் பரமபதம் ஆடினோம். எனக்கு இரண்டு தடவை ஆறு விழுந்ததும் பெரியவள் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கதை சொன்னேன். "நெசமா நடந்ததா, நீங்களா சொல்றதா?" என்று பாதியில் நிறுத்தினாள். கண்ணாமூச்சிக்குக் கூப்பிட்டேன்.

"கண்ணை மூட மாட்டேன்."

"ஏன் சாமி?"

"மூடிட்டு இருக்கறப்ப வேற எங்கியாச்சும் கூட்டிட்டுப் போயி, இதான் கடல்னு சொல்லுவீங்க."

மாமா சிரிப்பை அடக்கச் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. இவளை இன்றைக்கே நம்பவைத்தாக வேண்டும் என்று ஒரு வேகம். கீழே போய் லாட்ஜ் வாட்ச்மேனிடம் ஒரு பாட்டில் கடல் தண்ணீர் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

"கடத்தண்ணியா? எதுக்கும்மா?"

"பசங்களுக்குக் காட்டணுங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் மழைக்கோட்டோடு போய்ப் பிடித்து வந்தார். அதை லாட்ஜின் கண்ணாடி ஜக்கில் ஊற்றி வைத்தேன். பெரியவள் மோந்து பார்த்தாள். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"உப்புத்தான்" என்றாள்.

"பாத்தியா!"

"உப்புப் பொட்டலம் எங்க?"

வழியில் தின்ன அவித்த முட்டை கொண்டுவந்திருந்தோம். அதற்கு வைத்த பெரிய உப்புப் பொட்டலம் மேசைமேல் பிரிந்து கிடந்தது. அதை எடுத்துக் கையால் எடை பார்த்தாள். எனக்குப் பதறிவிட்டது. பதற்றத்தில் பெரிய தப்பைச் செய்தேன்.

"செரி, உப்பை விடு. கடல் தண்ணியில முட்டை மிதக்கும். இப்பப் பாரு!"

அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து ஜக்கில் விட்டேன். அது நேராக அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

கோழிப்பண்ணைப் பிள்ளைகள். தண்ணீரில் அமிழ்ந்தால் நல்ல முட்டை, மிதந்தால் கெட்டது என்பது இருவருக்கும் நடக்கப் பழகும்போதே தெரியும். சின்னவள் எட்டிப் பார்த்து, "நல்ல முட்டைங்க, சாதாத் தண்ணிங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

கடல் நீரில் இருக்கும் உப்பு முட்டையைத் தூக்கப் போதாது, அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும் என்று பிறகு போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நிமிஷத்தில் என் கை தானாகப் பொட்டலத்துக்குப் போனது. மொத்த உப்பையும் ஜக்கில் கொட்டிக் கலக்கினேன். முட்டை மெல்ல மேலே வந்தது. "பாரு, பாரு, உப்பு இருந்தா மிதக்குது!" என்று கத்தினேன்.

பெரியவள் ஜக்கைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த காலிப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"இப்படித்தான் கடல் செஞ்சீங்களா?"

மாமா செய்தித்தாளைக் கீழே வைத்தார். அக்கா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். யாரும் சிரிக்கவில்லை.

"சித்தி, ஒண்ணு கேக்கறேன். மேட்டூர் கடல் இல்லீன்னு அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல நாக்கு முந்தியது. அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"தெரியும் சாமி. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"செரி" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

மறுநாள் காலை மழை தூறலாகிவிட்டது. தடையை எடுத்துவிட்டார்கள், தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம் என்றார் வாட்ச்மேன். தோப்பு வழியாக நடந்தோம். கருங்கல் கொட்டிய கரை வந்ததும் பெரியவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க பேசாதீங்க சித்தி" என்றாள்.

இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். சுவரைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தவரிடம் போனாள்.

"அண்ணா, இது கடலுங்களா?"

"பின்ன என்ன பாப்பா?"

"மதகு இருக்குதுங்களா?"

"மதவா? கடலுக்கா?" அவர் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

அப்போது ஒரு அலை கல்லில் மோதி எல்லோரையும் நனைத்தது. பெரியவள் தன் மணிக்கட்டை நக்கினாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அதையும் நக்கிப் பார்த்தாள். துப்பினாள்.

"முட்டை ஏன் மிதக்கல?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன். நெசமாவே எனக்குத் தெரியாம சொன்னது."

யோசித்தாள். கையோடு கொண்டுவந்திருந்த காலி பாட்டிலை அப்பாவிடம் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னாள். நிரப்புவதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். மூடியைத் தானே திருகினாள். பள்ளி திறந்ததும் வகுப்புக்குப் போகிற பாட்டில் அது.

திரும்பும்போது அதைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தாள். சின்னவள் தொட்டதற்கு ஒரு அடி. முசிறி தாண்டியதும் சாலையை ஒட்டிக் காவிரி, அகலமாக. சின்னவள் கண்ணாடியில் மூக்கை வைத்து, "சித்தி, இதும் கடலுங்களா?" என்றாள். மாமா ரியர்வியூ கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இல்ல சாமி. காவிரி. இதான் மேட்டூர்லருந்து வருது."

அடுத்து வந்த ஊர்ப் பலகையைப் பெரியவள் வாய்விட்டுப் படித்தாள்.

தொட்டியத்தில் டீக்கடையில் நிறுத்தினோம். அவளுக்குப் பாத்ரூம் போக வேண்டும். பாட்டிலோடு இறங்கினாள், யோசித்தாள், திரும்பி வந்து கதவு வழியாக என்னிடம் நீட்டினாள்.

"புடிச்சுக்கங்க. வாரேன்."

அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர் மட்டத்தில் நீல பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாள், பண்ணையில் மருந்து கலக்கும் டிரம்மில் அவள் அப்பா போடும் கோடு மாதிரியே. எனக்கு டீ வந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

வந்து வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கி, ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்து கோட்டைப் பார்த்தாள்.

"செரியா இருக்குது" என்று ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.