ஸ்டெல்லா விடாத விமானம்

பழுது பார்த்த என் ரேடியோ விமானத்தை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லாலாகுடா மைதானத்தில் பறக்கவிடப் போனேன். என்ஜின் இரைந்தது. மனைவி ஸ்டெல்லா பின்னாலிருந்து வாலைப் பிடித்திருந்தாள். "வலது" என்று சொல்லி ரிமோட்டின் ஸ்டிக்கைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "விடு, விடு!" என்று கத்தினேன்.

"நக்கோ, விடமாட்டேன்! வலதுன்னீங்க, வால் தகடு இடது பக்கம் திரும்புது!"

என்ஜினை நிறுத்திப் பார்த்தேன். தகட்டைத் திருப்பும் கம்பியை மாற்றி மாட்டியிருக்கிறேன். வீட்டில் விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்று சோதித்ததால் சரியாகவே தெரிந்தது. எனக்கு வலது, விமானத்துக்கு இடது. அந்த இடப்பக்கம்தான் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கர்த்தருக்கும் அவளுக்கும் நன்றி சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது வாலுக்குப் பின்னால் நின்றே சோதிக்கிறேன். "விடு" என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். ஸ்டெல்லா கையெடுத்தால்தான் எங்கள் விமானம் கிளம்பும்.