ஆர்தருக்குத் திதி

வெங்காயம் நறுக்கி ஒருவர் தன் கோபத்தைக் காட்டியதை நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐப்பசி மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். விட்டதும் மழை நின்றுவிட்டது, அது எங்கள் ஊர் வழக்கம். திருவெறும்பூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா கால் கிலோ வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள். திதி கொடுக்கிற நாளில் வீட்டில் வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். அம்மாவுக்குத் தெரியாதா?

அன்றைக்குத் திதி கொடுக்கப் போகிறவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கனடாவிலிருந்து வந்து நாலு நாள் ஆகியிருந்தது. அந்த நாலு நாளும் அம்மா அவரிடம் பேசியது "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்பது மட்டும்தான். அதையும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்று வருடத்துக்கு முன் தாத்தா இறந்தபோது மாமா வரவில்லை. அங்கே தங்குவதற்கான காகிதம் கைக்கு வராத சமயம், கிளம்பினால் திரும்ப விடமாட்டார்கள் என்றார்களாம். மகன் இருந்தும் தாத்தாவுக்குக் கொள்ளி வைத்தது மருமகனான என் அப்பா. அதற்கப்புறமும் மாமா தாத்தாவுக்கு ஒரு திதிகூடக் கொடுக்கவில்லை. இப்போது வந்தவர், ஒரு வெள்ளைக்காரப் பையனின் போட்டோவை எடுத்து வைத்து, இவருக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் திதி கொடுக்கவேண்டும் என்றால் யாருக்குத்தான் எரியாது?

போட்டோவில் இருந்தவர் பெயர் ஆர்தர். கனடாவில் மாமாவின் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு அண்ணன். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி, இத்தாலியில் ஏதோ ஒரு ஆற்றைத் தாண்டும்போது செத்துப்போனாராம். உடம்புகூடக் கிடைக்கவில்லை. மாமா அந்த ஊருக்குப் போன முதல் குளிர்காலத்தில் அவருக்கு சூப்பும் கம்பளியும் கொடுத்துக் காப்பாற்றியது அந்தக் கிழவிதான். சாகும்போது அவளுக்கு வேறு யாருமில்லை. "உங்க ஊருல ஆத்தங்கரையில உக்காந்து செத்தவங்களுக்குத் தண்ணி விடுவோம்னு சொன்னியே, எங்க அண்ணனுக்கும் ஒருவாட்டி விடு" என்று கேட்டாளாம். மாமா சரி என்று சொல்லிவிட்டார்.

"அப்பாவுக்கு விடாத கை, ஊரான் வீட்டுப் பையனுக்கு விடுதாக்கும்?" என்றாள் அம்மா. நாலு நாளில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து.

"அப்பாவுக்குக் கொள்ளி வைக்காத கை அக்கா இது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவருக்குன்னு போய் உக்காருவேன்?"

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். பிறகு என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "நீயும் கூடப் போ. அங்க என்னென்ன பண்றான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். உளவு பார்ப்பதற்கு நான்தான் எங்கள் வீட்டில் பேர்போனவள்.

மாமா சட்டையில் இடதுபக்கம் ஒரு சிவப்புத் துணிப்பூவைக் குத்திக்கொண்டார். கசகசாச் செடி வகையில் ஒரு பூ என்றார். குருமாவில் அரைத்து ஊற்றுகிற கசகசாவுக்கு இத்தனை அழகாகப் பூ இருக்கும் என்பதையே நான் நம்பவில்லை. "சண்டை நடந்த வயல்லெல்லாம் இதான் பூத்துக் கெடந்துச்சாம். அதனால வருஷா வருஷம் நவம்பர் பதினொண்ணு, இன்னிக்கு, அங்க எல்லாரும் குத்திக்குவாங்க. பதினோரு மணி ஆனா அப்படியே ரெண்டு நிமிஷம் நிப்பாங்க, செத்த சிப்பாய்ங்களுக்காக. நம்ம மாளய அமாவாசை மாதிரின்னு வெச்சுக்க" என்றார் பஸ்ஸில். எள்ளும் இல்லாமல், காக்காயும் இல்லாமல் அது என்ன அமாவாசை என்று எனக்குக் குழப்பம்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரி மூன்று படிகளை முழுங்கியிருந்தது. ஐயர் சட்டையைக் கழற்றச் சொன்னார். பூவை எங்கே குத்துவது என்று தெரியாமல் மாமா அதை என்னிடம் கொடுத்தார். நான் பின்னலில் செருகிக்கொண்டேன்.

"யாருக்கு?"

"ஆர்தர்னு பேரு சாமி. கனடாக்காரர். யுத்தத்துல போயிட்டார்."

ஐயர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். "காவேரிக்கு எல்லாரும் ஒண்ணுதான். கோத்திரம் தெரியாது, இல்லையா? அப்போ விஷ்ணு கோத்திரம்னு சொல்லிக்கலாம்." எங்களுக்கும் அதைத்தான் சொல்வார்கள். ஆக, ஒரு நொடியில் வெள்ளைக்காரர் எங்கள் கோத்திரத்துக்கு வந்துவிட்டார்.

"தகப்பனார் பேர்?"

மாமா திருதிருவென்று விழித்தார். கிழவி அதைச் சொல்லவே இல்லை போலிருக்கிறது. குனிந்து தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, எங்கள் தாத்தாவின் பெயரைச் சொன்னார்.

"மாமா, அது நம்ம தாத்தா பேரு" என்றேன் முந்திரிக்கொட்டை மாதிரி. அவர் திரும்பவில்லை. ஐயர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு ஒன்றும் கேட்காமல் அந்தப் பெயரையே சேர்த்து மந்திரம் சொன்னார். மாமா இறைத்த எள்ளில் பாதி படியிலேயே சிந்தியது.

பாதியில் மாமா சட்டென்று எழுந்து நின்றார். "ஏன் எழுந்துட்டேள்?" என்றார் ஐயர். மணி பதினொன்று. கையெல்லாம் எள்ளோடு மாமா விறைப்பாக நின்றார், கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு பெரிய ஆள் இப்படி அழுவாரா என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இருந்தாலும் நானும் பக்கத்தில் எழுந்து நின்றேன்.

வீட்டு வாசலில் மாமா காலைக் கழுவுவதற்குள் நான் உள்ளே ஓடினேன். "மாமா எல்லாத்தையும் தப்பா சொல்லிட்டாரும்மா. அந்த ஆர்தரோட அப்பா பேரைக் கேட்டா நம்ம தாத்தா பேரைச் சொல்றாரு."

அம்மாவின் கரண்டி நின்றது. "நெஜமாவா?"

"சாமியும் அதையே சொல்லிட்டாரு. அப்படின்னா ஆர்தரும் எனக்கு மாமா முறையா?"

"நெஜமா அப்பா பேரச் சொன்னானா?" என்று மறுபடி கேட்டாள். தலையாட்டினேன்.

வெங்காயமும் பூண்டும் கசகசாவும் போட்டுக் கொதித்துக்கொண்டிருந்த குருமாவை அம்மா இறக்கி ஓரமாக வைத்தாள். அடுப்பைத் துடைத்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, புதிதாக உலை வைத்து, வாழைக்காய் நறுக்கினாள். எனக்குப் பசி உயிர் போனது. கண்டதைப் போய்ச் சொன்னதற்கு இது தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

சமைத்து முடித்ததும் மொட்டை மாடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைத்தாள். வாழையிலைத் துண்டில் ஒரு பிடி. அதற்குப் பக்கத்தில், இன்னொரு துண்டில் இன்னொரு பிடி.

பிறகு படியிறங்கி வந்து, "வாடா, சாப்பிட வா" என்று தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

ஒரு ஆர்தருக்கு எதற்கு இரண்டு பிடி என்று எனக்கு விளங்கவில்லை. வெள்ளைக்காரர் அல்லவா, நம்மைவிடக் கூடுதலாகச் சாப்பிடுவார் போல என்று நினைத்துக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.