நாலுக்கு ஜப்பானியச் சொல்

எனக்கு எட்டு வயதானபோது திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஐவரில் ஜப்பான் மொழி தேவைப்பட்டது அத்தைக்கு மட்டும்தான். அத்தை என்றால் அப்பாவின் தங்கை.

சென்னையில் ஜப்பான் இயந்திரங்கள் விற்கும் ஒரு கம்பெனி, அந்த மொழி கொஞ்சமாவது தெரிந்த தட்டச்சர் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தது. தட்டச்சு அத்தைக்கு ஏற்கெனவே வரும். தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. பழைய புத்தகக் கடையிலிருந்து, ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் கற்பிக்கும் புத்தகம் ஒன்று வாங்கிவந்தாள். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எண்ணியவன் நான்தான். படிக்க என்னிடம் தரமாட்டாள்.

"நாப்பத்தாறு எழுத்துதான்டா மருமகனே. நம்ம இருநூத்து நாப்பத்தேழுக்கு இது எம்புட்டோ தேவலை" என்றாள் முதல் நாள். பத்தாம் நாள்தான், அதே ஒலிகளுக்கு இன்னொரு நாற்பத்தாறு எழுத்து இருப்பது தெரிந்தது. அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலி தீப்பெட்டிகளின் முதுகில் அவற்றையும் எழுதத் தொடங்கினாள்.

உச்சரிப்பைத் திருத்த ஆளில்லை. நன்றி சொல்லும் 'அரிகாத்தோ'வை அவள் சொல்லிப் பழகினால், "அரி யாரைம்மா காத்தாரு?" என்று அப்பா கேட்பார். அது கேலி. வரன் அமைந்தால் சென்னையும் கிடையாது, புத்தகமும் எடைக்குப் போய்விடும் என்று அவர் சொன்னது கேலியில்லை.

வரன் வந்தது. எழுமலையில் தானிய மண்டி வைத்திருப்பவரின் மகன். தரகர் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவருடைய அப்பாவைப் புகழ்ந்தார்.

"நெல்லு அளக்கும்போது ஒண்ணுன்னு அவரு வாயில வராதுண்ணே. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் அளப்பாரு. காதுல ஒரு கெட்ட சொல்லு விழுந்துச்சுன்னா அன்னைக்குக் கடையே தெறக்க மாட்டாரு. அம்புட்டு சகுனம்!"

"கடையே தெறக்க மாட்டாராமா?" என்று அடுக்களை வாசலிலிருந்து அத்தை கேட்டாள். தரகர் மகிழ்ந்துபோய் இன்னொரு முறை சொன்னார்.

அன்று சாயங்காலமே எனக்கு எண் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். இச்சி, நி, சான், ஷி. நாலு வரை போதும் என்றாள். எனக்கு ஷி மட்டும் மறந்து மறந்து போயிற்று.

"அந்த பாஷையில ஷின்னா சாவுன்னும் ஒரு அர்த்தம். அப்படி வச்சுக்கோ, மறக்காது" என்றாள்.

"நாலுக்கு வேற வார்த்தை இல்லையா அத்தே?"

"இல்லடா. வர்றவுக முன்னாடி விரலை நீட்டி எண்ணிக் காட்டணும். செய்வியா?"

செய்தேன். பெண் பார்க்க வந்த அன்று நாற்காலிகளில் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, அக்கா, கடைசியில் மாப்பிள்ளை என்று நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு விரலாக நீட்டி எண்ணினேன். மாப்பிள்ளையிடம் ஷி வந்தது.

"புள்ள என்ன சொல்லுது?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஆசையாகக் கேட்டார்.

"ஜப்பான் பாஷை. ஷின்னா நாலு. சாவுன்னும் அர்த்தம்" என்றேன், விரலை எடுக்காமலே.

மண்டிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே மூவரும் எழுந்தார்கள். "அண்ணே, சின்னப் புள்ளண்ணே" என்று தரகர் வாசல் வரை ஓடினார். தட்டில் பதினான்கு பஜ்ஜி மிஞ்சியிருந்தது.

அப்பா என் முதுகில் மூன்று அடி வைத்தார். நான்காவதற்குக் கை ஓங்கியபோது அத்தை நடுவில் வந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளுடைய வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

தேர்வில் அவள் தேறினாள். சென்னைக்குப் போய் முப்பத்திரண்டு வருடம் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாள். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதையும் என் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன். பெரியவனான பிறகு பத்தொன்பது முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "அதை விடுடா" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

போன மாதம் என் பேத்தி என் போனில் ஜப்பானியம் படிக்க ஒரு ஆப் போட்டுக்கொடுத்தாள். வீட்டில் என் புலம்பல் கொஞ்சம் குறையட்டும் என்பது அவள் எண்ணம். ஒன்பதாம் நாள் எண்கள் வந்தன. நாலுக்கு 'ஷி' உண்டு, ஆனால் அது சாவையும் குறிப்பதால் பெரும்பாலும் 'யோன்' என்றே சொல்வார்கள் என்று அதில் இருந்தது. ஜப்பான்காரர்களும் மண்டிக்காரரைப் போலத்தான். பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அத்தைக்குப் போன் போட்டேன். அவளுக்கு எண்பத்தேழு வயது. காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

"அத்தே, நாலுக்கு யோன்னு ஒரு வார்த்தை இருக்காமே?"

"இருக்கு. பதினேழாம் பக்கம்" என்றாள், யோசிக்காமல்.

பிறகு அவளே கேட்டாள்.

"அன்னைக்கு உனக்கு எத்தனை அடிடா விழுந்துச்சு?"

"மூணு."

"எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன்டா மருமகனே. முதல் அடிக்கே வந்திருந்தா உங்கப்பாவுக்கு வெளங்கிப்போயிருக்கும்."