கோவிலுக்கு எந்தப் பக்கம்?

இன்று அஜின்கோர்ட்டில் சட்டத்தரணியாவதற்கு முன் செய்யவேண்டிய ஆர்ட்டிக்ளிங் பயிற்சிக்கு நேர்முகம். எடுத்தவர் பாகுபாட்டு வழக்குகளில் பெயர் பெற்ற தமிழ்ச் சட்டத்தரணி.

சட்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

"பிள்ளை எவடம்?"

"மில்லிக்கன், அங்கிள்."

"உது இப்ப இருக்கிற இடம். ஊரில எவடம்?"

அப்பாவின் ஊரைச் சொன்னேன். கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அங்க கோவிலுக்கு எந்தப் பக்கம்?"

ஊரில் வீடு இருக்கும் பக்கமே சாதியைச் சொல்லிவிடும்; நேரே கேட்க மாட்டார். சட்டம் படித்தவர் அல்லவா!

"நான் இஞ்ச பிறந்தனான், தெரியாது."

"அப்ப அப்பாட்டக் கேட்டுச் சொல்லும். பிறகு வேலையைப் பற்றிக் கதைப்பம்."

பாகுபாடு எப்படியெல்லாம் ஒளிந்து வரும் என்று கற்கத்தான் அவரிடம் விண்ணப்பித்தேன். முதல் பாடத்தை நேர்முகத்திலேயே நடத்திவிட்டார்.

சொல்லுங்கள், உங்களுடைய நேர்முகத்தில் கோவில் எந்தப் பக்கம் இருந்தது?