விமானம் ஓட்டாத விமானப்படைக்காரி

விமானப்படையில் வானிலை அதிகாரியாக இருப்பது, கல்யாண வீட்டில் சமையல்காரராக இருப்பது மாதிரி. குறை மட்டும்தான் நம்மைத் தேடி வரும். தரையிலேயே நின்று இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், என்னைப் போல அவதிப்படுகிறவர்கள் எல்லாம் கேளுங்கள். மேலே போகப் போக பைலட்டுகளுக்கு வரிசையாக நாற்காலி. எங்கள் பிரிவில் குரூப் கேப்டனுக்கு மேலே ஏர் கமடோர் என்றால், இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போன வருஷம் எனக்கு அதுக்குக் கடைசி வாய்ப்பு. தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பேனர்

விங் கமாண்டர் ஆன புதிதில் லீவில் எங்கள் ஊர் மரக்காணத்துக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தூக்கிவாரிப்போட்டது. பத்தடி பேனர்! போர் விமானத்துக்குள் ஹெல்மெட்டோடு நான். ஹெல்மெட்டுக்குள் என் கல்யாண போட்டோ முகம், மூக்குத்தியோடு. வைத்தது எங்கள் பெரியப்பா.

"நான் விமானமே ஓட்டுறதில்ல பெரியப்பா. மழை வருமா, காத்து அடிக்குமான்னு பார்த்துச் சொல்றேன்" என்று விளக்கினேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அதைத்தான் உப்பளத்துல எல்லாரும் சும்மாவே சொல்றாங்களேம்மா!"

மூன்று மணி மழை

அப்புறம் குரூப் கேப்டன் ஆனேன். ஒரு நாள் பெரிய விருந்தாளி வருகிறார், விமான சாகசம் ஏற்பாடு. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நானோ, மூன்று மணிக்கு இடி மழை, பறக்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எங்கள் தளத்தின் கமாண்டர் ஒரு பைலட், தமிழர். மாத்தி எழுது என்று குதித்தார். என் வருஷாந்திர ரிப்போர்ட்டை எழுதுகிறவரும் அவர்தான். அதில் ஒரு வார்த்தை குறைந்தால் ஏர் கமடோர் கனவு அம்போ. ஆனாலும் மாத்தவில்லை.

மூன்று மணிக்கு ஒரு சொட்டு இல்லை. செத்தேன் என்று நினைத்தேன். மூன்றே காலுக்கு ஆலங்கட்டியோடு கொட்டித் தீர்த்தது, ஷாமியானா பறந்தே போனது. கமாண்டர் சொட்டச் சொட்ட என் அறைக்கு வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"காலையிலேயே வாயை வெச்சியே, இப்ப திருப்தியா?"

தம்பியின் உப்பு

பதவி முடிவு வரும் நாள். லீவில் ஊரில் இருக்கிறேன். கையில் போன், கண் டெல்லி நம்பருக்காகத் தவம். உப்பளம் வைத்திருக்கும் தம்பி வந்து, "அக்கா, ஒரு வாரத்து உப்பை வாரிக் குவிச்சிருக்கேன். மழை வருமா? தார்ப்பாய் போட்டுரட்டுமா?" என்றான். நான் வானத்தைப் பார்க்கவில்லை, வானிலைப் படத்தையும் பார்க்கவில்லை. "வராதுடா, போ" என்று சொல்லிவிட்டேன். பாவி!

சாயங்காலம் கூனிமேடு பக்கம் மின்னியது. அரை மணியில் ஊற்று ஊற்றென்று ஊற்றியது. பதறிக்கொண்டு ஓடினேன். குவியல் பாதி கரைந்து வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. தம்பி பெண்டாட்டி மிச்சத்தைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து டெல்லி போன்: நான் ஏர் கமடோர் ஆகிவிட்டேனாம். சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது. தம்பி தலை நிமிராமல் சொன்னான்.

"பக்கத்துப் பாத்திக்காரங்க எல்லாரும் மூடிட்டாங்க. நான்தான், எங்க அக்கா சொல்லிச்சுன்னு மூடாம வுட்டேன்."

பெரிய அறை

டெல்லியில் புது அறை. கம்பளம், இரண்டு போன், பித்தளைப் பெயர்ப்பலகை. உள்ளே போனதும் மலைத்து நின்றுவிட்டேன். ஜன்னலே இல்லை! பாதுகாப்பு கருதி தரைக்குக் கீழே கட்டியிருக்கிறார்கள். பைலட் அதிகாரிகளுக்கு மூன்றாவது மாடியாம்.

முதல் நாள் மத்தியானம், எங்கள் ஊர்ப் பக்கத்து வானூர்க்கார சார்ஜென்ட் ஒருவர் தலை முதல் கால் வரை நனைந்து பைல் கொண்டுவந்தார். "என்னப்பா, குளிச்சிட்டு வர்றியா?" என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"வெளியே ஒரு மணி நேரமா ஊத்துது மேடம், உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

ஆக, விமானம் ஓட்டாதவர்களும் விமானப்படையில் உச்சிக்குப் போகலாம், என்ன, அங்கிருந்து வானம் தெரியாது, அவ்வளவுதான்.