என் கேம் பலகைக்கு நைனா போட்ட பூசை

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அண்ணனும் அத்தை மகனும் முன்னால் போக, நானும் பின்னாலேயே உள்ளே காலெடுத்து வைத்தேன். அவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் கையைக் குறுக்கே நீட்டி மறித்தார். "ஆடபில்லலு லோபலிக்கி ராகூடதம்மா" என்றார். பெண் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாதாம். ஏன், வந்தால் மெஷின் தேய்ந்துவிடுமா? முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். உள்ளேயிருந்து பட்டன் தட்டும் சத்தமும் இவர்கள் போட்ட கூச்சலும் கேட்டுக்கொண்டே இருந்தன. வெளியே வந்த அத்தை மகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் ஆட வராது, வுடு" என்றான்.

ரேணிகுண்டாவுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். அந்த மெஷினை நானே செய்வேன், நானே ஆடுவேன், இவனையும் தோற்கடிப்பேன். எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மாமா தன் பிரவுசிங் சென்டரை மூடியபோது கொடுத்தது. கடையில் அவர்கள் ஆடிய விமானம் சுடும் கேம் அதிலும் இருந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டுவது ஓர் ஆட்டமா? நின்றுகொண்டு, ஒரு கையில் ஜாய்ஸ்டிக் தடியைப் பிடித்து ஆட்டி, மறு கையால் பட்டனை ஓங்கிக் குத்த வேண்டும். அதுதான் ஆட்டம்.

டீ கொட்டிப் பாதி எழுத்துகள் வேலை செய்யாத கீபோர்டு ஒன்றும் மாமா கொடுத்த சாமான்களோடு வந்திருந்தது. அதன் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சை சர்க்யூட் போர்டு, அவ்வளவுதான். டீ தாள்களைத்தான் கெடுத்திருந்தது. போர்டின் ஓரத்தில் வரிசையாக இருந்த புள்ளிகளில் இரண்டை ஒயரால் சேர்த்துத் தொட்டால் திரையில் ஓர் எழுத்து விழுந்தது. எதை எதோடு தொட்டால் எந்த எழுத்து என்று நான்கு நாட்கள் உட்கார்ந்து சோஷியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று அம்மாவிடம் புளுகி ஒயருக்கு ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் சாமான்கள் வாங்கினேன். பட்டன்களுக்கு ஆறு காலிங் பெல் சுவிட்சுகள் போதும். தடிக்குத்தான் வழியில்லை.

நைனா, அதாவது எங்கள் அப்பா, லாரிகளுக்கு லேத் வேலை செய்யும் ஷெட் வைத்திருந்தார். எனக்கு வேண்டியதெல்லாம் அங்கே குப்பையாகக் கிடந்தது. ஆனால் ஷெட்டுக்குள் நான் போகக்கூடாது. டிரைவர்கள் வருகிற இடம், பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்பது நைனாவின் சட்டம். கடைக்காரருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்! அண்ணனைக் கெஞ்சி, ஒரு வாரம் அவன் வீட்டுப்பாடத்தை எழுதிக் கொடுத்து, லாரியின் கியர் குமிழ் ஒன்றும் நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் புஷ் ஒன்றும் பித்தளைத் தகடும் கொண்டுவரச் சொன்னேன். அவன் செய்தது அந்தச் சுமை கூலி வேலை மட்டும்தான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரப்பர் புஷ்ஷுக்குள் இரும்புக் கம்பியைச் செருகினால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும். கம்பியைச் சுற்றி நாலு பக்கமும் நாலு பித்தளைத் தகடுகள். கம்பி எந்தத் தகட்டைத் தொடுகிறதோ அந்தப் பக்கம் விமானம் போகும். உச்சியில் கறுப்பு கியர் குமிழ். எல்லாவற்றையும் ஒரு பலகையில் அறைந்தேன். மேலே மூட மட்டும் ஒன்றும் கிடைக்காததால் தகடுகளும் சர்க்யூட்டும் திறந்தே கிடந்தன. சால்டரிங் சூட்டில் இரண்டு விரல்களில் கொப்புளம் வந்திருந்தது. ஆனால் தடியைச் சாய்த்ததும் விமானம் சாய்ந்தது பாருங்கள், நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வந்து பார்த்தவர்கள் யாரைப் புகழ்ந்தார்கள் என்கிறீர்கள்? அண்ணனைத்தான்! அவன் சைக்கிள் செயின் கழன்றால்கூடத் தள்ளிக்கொண்டு வருகிறவன். "உன் புள்ளைக்கு இன்னா மூளை பாரேன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அம்மா பூரித்துப்போனாள். நான்தான் செய்தேன் என்று கத்தினேன். "சரிடி, நீயும்தான் கூட இருந்த, இன்னாத்துக்குக் கத்திக்கினு கீற?" என்றாள். அண்ணன் அந்தப் புகழை வாங்கிக்கொண்டு சிரித்தபடி நின்றான். நைனா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, பலகையைத் திருப்பி அடியில் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

விஜயதசமிக்கு அத்தை மகன் வருவதாக இருந்தது. நான் செய்ததாகச் சொன்னதை அவன் போனிலேயே நம்பவில்லை. அவன் எதிரில் ஒவ்வொரு ஒயராகக் காட்டி, அவனை ஆட வைத்துத் தோற்கடித்து, எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ள வைப்பதென்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் ஆயுத பூசை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் பலகையைக் காணோம். "நைனா ஷெட்டுக்கு எடுத்துக்கினு போனாரு" என்றாள் அம்மா. ஈரத் தலையோடு ஓடினேன்.

ஷெட்டில் சாமான்களைக் கழுவி வரிசையாக வைத்திருந்தார்கள். ஐயர் ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் நின்று, "பேரு, நட்சத்திரம் செப்பண்டி" என்று கேட்க, நைனா அந்தச் சாமானில் வேலை செய்கிறவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். லேத்துக்கு ஒரு பெயர், வெல்டிங் செட்டுக்கு ஒரு பெயர். அண்ணன் சும்மா தாம்பாளம் பிடித்துக்கொண்டு நின்றான். நைனாவின் சொந்த பெஞ்சில், அவருடைய சுத்தியலுக்கும் அளவுகோலுக்கும் நடுவில் என் பலகை! நாலு பித்தளைத் தகடுகளிலும் அப்பிய சந்தனம், அதன்மேல் குங்குமம், சர்க்யூட்டின் மேல் சாமந்திப்பூ. ஐயர் அதன் முன்னால் நின்று கேட்டார். நைனா என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். ஐயர் மாவிலையால் மஞ்சள் தண்ணீரை வாரித் தெளித்தார்.

என் பெயரைச் சொல்லியே என் மெஷினைக் கெடுக்கிறார்கள்! எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"யாரக் கேட்டு எடுத்தாந்த நைனா? ஈரம் பட்டா பூடும், அதுகூடத் தெரியாதா?"

"பூசை போட்டாத்தான நல்லா ஓடும்மே" என்றார் நைனா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது இன்னா லாரியா? உனுக்கு ஒரு எழவும் தெரியாது!"

மெக்கானிக்குகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நாளில், அத்தனை பேர் முன்னால், நைனாவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவர் அடிக்கவில்லை. தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்துப் பலகையைத் துடைக்க வந்தார். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அது சரியாகக் காய்வதற்குள் அவசரப்பட்டுக் கம்ப்யூட்டரில் செருகியது நான்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அத்தை மகன் வந்தான். தடியை எந்தப் பக்கம் ஆட்டினாலும் விமானம் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு குண்டு வாங்கிச் செத்தது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? "நான் இல்லப்பா, இதெல்லாம் இவ செஞ்சது" என்றான். கெட்டுப்போன பிறகு அது என்னுடையதாகிவிட்டது! என்ன அநியாயம் இது!

நைனாவோடு தீபாவளி வரை நான் பேசவில்லை. அவராக இரண்டு முறை பேச வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மெஷினை அழித்தவர் அவர் என்றே வெகு காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். திறந்து கிடக்கும் சர்க்யூட்டில் தண்ணீர் தெளிப்பது மடத்தனம் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்தத் தெருவே அண்ணன் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, யாரிடமும் கேட்காமலே, அடியில் இருந்த சால்டரையும் என் விரல் கொப்புளங்களையும் பார்த்தே அது யார் கைவேலை என்று தெரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார். நான் நுழையக்கூடாத ஷெட்டில், தன் சாமான்களுக்கு நடுவில் இடம் போட்டு, தன் ஆட்கள் கேட்க, அவர் என் பெயரைச் சொன்னார். உனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் கத்தியது அவரிடம்தான்.