நலமாக உள்ளார்

என் தாய்மாமா என் அப்பாவை முதன்முதலில் கொன்றபோது நான் கைக்குழந்தை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்குள் விஷம் வைத்து, கிணற்றில் தள்ளி, கழுத்தில் துண்டைப் போட்டு முறுக்கி என்று பல விதமாகக் கொன்று முடித்திருந்தார். ஒரு தடவை ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டார். உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. அதற்காகவே அப்பாவைச் செங்கல்பட்டு வரைக்கும் கதையில் அழைத்துப் போயிருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார். பகலில் ஒரு நாளிதழுக்கு உத்திரமேரூர் நிருபர். பொழுது சாய்ந்ததும் மர்ம நாவலாசிரியர். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்களே, அந்த மாத நாவல்களில் ஒன்று அவருடையது. மாதத்துக்கு ஒரு கொலைகாரன் வருவான். பிணம் மட்டும் மாறாது. அப்பாவின் பெயர், அதே இனிஷியல், பல சமயம் அதே தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலை.

“வேற யார் பேரு வெச்சாலும் வூட்டாண்ட சண்டைக்கு வந்துடறாங்க. மாமா ஒருத்தர்தான் சும்மா கீறாரு” என்று மாமா காரணம் சொல்வார். அப்பாவைத்தான் அவர் மாமா என்று கூப்பிடுவார்.

அப்பா சும்மா இருந்ததாக எனக்கு நினைவில்லை. புத்தகம் வந்த அன்றே கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வம்புக்கு நிற்பார். “எனக்கு நீச்சல் தெரியும்னு ஊருக்கே தெரியும். கெணத்துல தள்ளினா எப்டிடா சாவேன்?” என்பார். “மயக்க மருந்து குடுத்துட்டுதான தள்ளினேன்? அஞ்சாவது அத்தியாயத்தை ஒழுங்கா படிக்காம பேசினுகீற” என்று மாமா எகிறுவார். சாப்பாட்டுத் தட்டு ஆறிப்போகும். இரண்டு பேருக்கும் ஆகாது, அதனால்தான் மாமா அப்பாவைக் கொன்று தள்ளுகிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இப்படிப்பட்டவருக்கு அம்மா ஏன் மீனில் நடுத்துண்டை எடுத்து வைக்கிறாள் என்பதுதான் புரியவில்லை. அப்பாவைத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கவிடாமல் அம்மா தாங்கியதும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வீட்டிலேயே சோம்பேறி அப்பாதான் என்று சிநேகிதிகளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போதெல்லாம் நிருபர்கள் செய்தியைத் தாளில் எழுதி, கவரில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார்கள். மாமாவின் இரண்டு பிழைப்பும் ஒரே பஸ்ஸில்தான் காஞ்சிபுரம் போகும். ஒரு கவர் பத்திரிகை அலுவலகத்துக்கு. இன்னொன்று நாவல் பதிப்பாளரின் ஆளுக்கு. இரண்டும் ஒரே காக்கி நிறம், உள்ளே இருப்பதும் ஒரே பழுப்புத் தாள், ஒரே கையெழுத்து. இத்தனை வருஷம் மாறாமல் போய்ச் சேர்ந்ததுதான் ஆச்சரியம்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியிருந்த நேரம், மாமா ஒரு புது நாவலை ஒரு பத்திரிகைச் செய்தியோடு ஆரம்பித்தார். முதல் அத்தியாயம் முழுக்கவே ஒரு செய்திதான். ஏரி மதகருகே ஆசிரியர் பிணம், குளிக்கச் சென்றபோது பரிதாபம், போலீசார் விசாரித்து வருகின்றனர். நிஜ நிருபர் எழுதினால் கேட்கவா வேண்டும், அச்சு அசலாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து அந்தத் தாள் பத்திரிகைக் கவருக்குள் போய்விட்டது. ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்ற செய்தி நாவல் கவருக்குள் போனது.

மறுநாள் விடிந்ததும் அப்பா வழக்கம்போல் ஏரிப் பக்கம் குளிக்கப் போனார். சற்று நேரத்தில் டீக்கடைக்காரர் பேப்பரும் கையுமாக வாசலில் வந்து நின்று, அதைப் படித்துக் காட்ட முடியாமல் அழுதார். அம்மா வாங்கிப் பார்த்தாள். அப்பாவின் பெயரும் இனிஷியலும் வயதும் ஊரும் இருந்தன. சம்பவம் நேற்றுக் காலை என்று போட்டிருந்தது. நேற்று இரவு அப்பாவுக்குத் தன் கையாலேயே தோசை வார்த்துப் போட்டதை அம்மா மறந்தே போனாள். அச்சில் வந்ததற்கு அவ்வளவு மதிப்பு. அதோடு அப்பா இப்போது போயிருப்பதும் அந்த ஏரிக்குத்தானே. அவள் கத்தவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வலித்தது. அப்பா இனி வரமாட்டாரோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மாமா பேப்பரை வாங்கிப் பார்த்தார். அது தன் கைவேலை என்று முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். ஊரில் அந்தச் செய்தி பொய் என்று அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் சிரித்திருக்கலாம், அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், வாசலில் நின்ற மொபெட்டை மறந்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஏரியை நோக்கி ஓடினார்.

அதற்குள் வீட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. திருப்புலிவனத்திலிருந்து அத்தை குடும்பம் மாலையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது. அத்தை ஒப்பாரியை எடுத்த நேரத்தில் தெருமுனையில் அப்பா ஈரத்துண்டோடு வந்தார். பக்கத்தில் மாமா. அப்பாவின் மணிக்கட்டை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். திருவிழாக் கூட்டத்தில் என் கையைத்தான் அப்படிப் பிடிப்பார்.

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு செய்தியை நிதானமாகப் படித்தார்.

“வயசுல ரெண்டு கூட போட்டுகீறியேடா” என்றார்.

மாமா சுவரோடு சாய்ந்து கேவிக் கேவி அழுதார். அகப்பட்டுக்கொண்ட கொலைகாரனின் அழுகை என்று நினைத்தேன்.

பிறகு வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. விசாரித்து வருவதாகப் பேப்பரில் போட்டுவிட்டதால், தான் எதை விசாரிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள சப்-இன்ஸ்பெக்டர் புல்லட்டில் வந்து காபி குடித்துவிட்டுப் போனார். பதிப்பாளர் எதிர்வீட்டு டெலிபோனில் கூப்பிட்டு, “முதல் அத்தியாயத்துல பாமாயில்தான் சார் காணாமப் போயிருக்கு, கொலை எப்ப வரும்?” என்று கேட்டார். எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம், “செத்துட்டாருன்னு சேதி வந்துச்சில்ல, இனிமே பாரு, உங்க வூட்டுக்காரருக்கு ஆயுசு கெட்டி” என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா மாலையை வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டாள். அப்பாவுக்கு உப்பு மிளகாய் சுற்றிப்போட்டாள். பிறகு சேமியா பாயசம் வைத்து, முதல் டம்ளரை மாமாவுக்குக் கொடுத்தாள். அப்பாவைக் கொன்றவருக்குப் பாயசமா என்று எனக்கு வந்த கோபத்தில் என் டம்ளரைத் தொடவே இல்லை.

மாமாவின் நிருபர் வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. அடையாள அட்டையைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி காஞ்சிபுரத்திலிருந்து ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமாவுக்கு அந்த வேலைதான் உயிர். நாவல் எழுதுவதே நிருபர் வேலையில் பார்த்ததையெல்லாம் வைத்துத்தான் என்பார். அட்டையைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பியபோது, அப்பா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கூடவே பஸ் ஏறினார். அங்கே நடந்ததை மாமா இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். அப்பா அலுவலகத்துக்குள் போய், பொறுப்பாளர் மேஜை முன்னால் நின்று, “பொணம் நான்தான் சார். எனக்கே கோவம் இல்ல. உங்களுக்கு எதுக்குக் கோவம்?” என்று கேட்டாராம். பொறுப்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாராம்.

அட்டை மாமாவோடு திரும்பி வந்தது. இரண்டு நாள் கழித்துப் பேப்பரின் மூலையில் சின்னதாக ஒரு திருத்தம் வந்தது. உத்திரமேரூர் ஆசிரியர் நலமாக உள்ளார். நலமாக இருப்பதற்காகப் பேப்பரில் பெயர் வந்த ஒரே ஆள் எங்கள் ஊரில் அப்பாதான். அடுத்த மாதமே மாமா அவரை மறுபடியும் கொன்றார். நான் மாமாவோடு டூ விட்டேன்.

வளர்ந்து நானும் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவுக்கு இருதயத்தில் கோளாறு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதிக வருஷம் எதிர்பார்க்காதீர்கள் என்று சென்னை டாக்டர் அம்மாவையும் மாமாவையும் தனியாக அழைத்துச் சொன்னாராம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் மாமா கதவைச் சாத்திக்கொண்டு அந்த மாத நாவலை எழுத உட்கார்ந்தார். இறந்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கூடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எத்தனையோ மூடநம்பிக்கைகளைக் கிண்டல் செய்து செய்தி எழுதிய மாமா, இந்த ஒன்றை மட்டும் மாதம் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார். பாயசத்தைத் தொடாமல் எழுந்து போன அந்தச் சிறுமிக்கு இதையெல்லாம் யார் சொல்லியிருக்க முடியும்?

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையில் ஏரிக்கரை வரைக்கும் நடக்கிறார். அவருடைய மாத்திரைகளுக்கும், அவற்றை எழுதித் தந்த டாக்டர்களுக்கும் நான் நன்றி சொல்கிறேன். அதைவிட ஒருபடி கூடுதலாக என் மாமாவுக்குச் சொல்கிறேன்.

மாமாவுக்குப் போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருடைய பதிப்பாளரின் மகன் என்னை எழுதச் சொல்லிக் கேட்டதில், முதல் நாவலைத் தொடங்கினேன். குடும்ப வழக்கத்தை விடக் கூடாதே என்று அப்பாவிடம் போய், “உன் பேரப் போட்டுக்கட்டுமாப்பா?” என்று கேட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்குப் போதும்மா. அவன் நெறையவே குடுத்துட்டான். இனிமே அவன் பேரப் போடு” என்றார். டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

போட்டிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே மாமாவைக் கொன்றுவிட்டேன். அவர் நலமாக உள்ளார்.